சுமக்கும் கூரை, நடிக்கும் கூரை

சிறு வயதில் கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போனால் மத்தியானங்கள் கோயில் மண்டபத்தில்தான் கழியும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே கல்தரை சில்லென்று இருக்கும். நடை சாத்தியிருப்பார்கள். பெரியவர்கள் துண்டை விரித்துக் கண்ணயர்ந்துவிட, தூக்கம் வராத நான் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். வௌவால் கறைகளுக்கு நடுவே ஒரு கல் தாமரை. அதைச் சுற்றி நான்கு கிளிகள். டன் கணக்கில் எடையுள்ள கல் தலைக்கு மேல் நிற்கிறதே என்ற வியப்பெல்லாம் அப்போது வரவில்லை. எனக்கிருந்தது வேறொரு குறை: ஓடிப் பிடித்து விளையாட விடாமல் இத்தனை தூண்களை ஏன் நட்டு வைத்தார்கள்?

அந்தத் தூண்களும் அந்தத் தாமரையும் ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று.

மண்டபக் கூரையின் ஒரு பலகைக் கல்லை எடுத்துக்கொள்வோம். நீளம் 3 மீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர், தடிப்பு 25 சென்டிமீட்டர் என்று வைத்தால் எடை சுமார் 1.2 டன். இரு முனைகளும் உத்திரத்தின் மேல் இருக்கின்றன. நடுப்பகுதி அந்தரத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் அந்தக் கல் தொய்கிறது. தொய்யும்போது அதன் மேல்முகம் நெருக்கப்படுகிறது, கீழ்முகம் இழுபடுகிறது. கல்லின் குணம் இங்கேதான் தொல்லை தருகிறது. நெருக்கினால் கருங்கல் அசையாது. இழுத்தாலோ, நெருக்கலில் தாங்கியதில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் இருபதில் ஒரு பங்குதான் தாங்கும். முதுகு இரும்பு, வயிறு அப்பளம்.

இடைவெளியை 6 மீட்டராக்கிப் பார்ப்போம். தடிப்பு அதேதான். கல்லின் எடை இரண்டு மடங்காகிறது. வயிற்றில் விழும் இழுவையோ நான்கு மடங்காகிறது. சரி, எல்லா அளவையும் சேர்த்தே இரட்டித்தால்? எடை எட்டு மடங்கு. அப்போதும் இழுவை இரண்டு மடங்கு. ஒரு பொருளை அப்படியே பெரிதாக்கிக்கொண்டே போனால் அது தன் எடையாலேயே ஒடியும் என்பதை 1638-இல் வெளியான தம் கடைசி நூலில் கலிலியோ விளக்கினார். யானையின் காலெலும்பு ஆட்டின் காலெலும்பைவிட விகிதத்திலும் பருமனாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கூரைக் கல்லுக்கும் அதே விதி. அதன் முதுகின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த தளத்தின் பாரம் வேறு. கல்லில் முன்பே ஓடியிருக்கும் மயிரிழை விரிசல் எது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. அனுபவமுள்ள கட்டடக்காரர் என்ன செய்வார்? தூண்களை நெருக்கி நடுவார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன. ஆடம்பரம் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பள வயிற்றை நம்பாத எச்சரிக்கையும் அதில் இருக்கிறது.

கிளிகளும் தாமரையும் ஏன் அவ்வளவு மெலிதான புடைப்பாக இருந்தன என்பதற்கும் இங்கே ஒரு விடை கிடைக்கலாம். இழுபடும் முகத்தில் ஆழமாக வெட்டினால் வெட்டின் கூர்மையான மூலையில்தான் விரிசல் தொடங்கும். தூணில் குதிரையையும் யாளியையும் பாயவிட்ட அதே உளி, கூரையில் மட்டும் அடக்கமாக நடந்துகொண்டது அதனால்தானோ என்பது என் ஊகம். சிற்பிகள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

*

தூணைக் கூட்டாமல் கூரையை அகலப்படுத்த ஒரு பழைய தந்திரம் உண்டு. தாளில் ஒரு சதுரம் வரையுங்கள். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் கோடு போட்டு இணையுங்கள். உள்ளே சாய்வாக இன்னொரு சதுரம் கிடைக்கும். அதன் பரப்பு முதல் சதுரத்தில் சரிபாதி. அதற்குள்ளும் அப்படியே இன்னொன்று. பரப்பு மறுபடி பாதி. இப்போது பக்க நீளம் முதல் சதுரத்தின் பக்கத்தில் பாதியாகியிருக்கும்.

இதைக் கல்லில் செய்யலாம். திறந்த சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு முக்கோணக் கற்களை வைத்தால் வாய் சாய்சதுரமாகச் சுருங்கும். அதன் மூலைகளில் இன்னும் நான்கு. 4 மீட்டர் வாய் இரண்டே அடுக்கில் 2 மீட்டர் ஆகிவிடும், நான்கு அடுக்கில் 1 மீட்டர். கடைசியாக ஒற்றைக் கல்லால் மூடிவிடலாம். ஸ்ரீநகருக்கு அருகே பாண்ட்ரேதனில் உள்ள சிறிய கோயிலின் விதானம் இந்த வடிவியல் பாடத்தின் தெளிவான எடுத்துக்காட்டு. முதல் அடுக்குக்கு நான்கு கற்கள், இரண்டாம் அடுக்குக்கு நான்கு, மூட ஒன்று என மொத்தமே ஒன்பது கற்கள். மூடிய கல்லில் ஒரு பெரிய தாமரை. பாமீர் மலைப்பகுதி வீடுகளில் இன்றும் மரக்கட்டைகளை இதே போல ஒன்றுக்குள் ஒன்றாகத் திருப்பி அடுக்கி, உச்சியில் வெளிச்சத்துக்குத் திறப்பு விடுகிறார்கள். அலங்காரம் என்று தனியாக எதுவும் செய்யாமலே அழகு வந்துவிடுகிறது. அடுக்குவதே கோலம்.

சதுரத்தை விட்டு வட்டத்துக்கு வந்தால் இன்னும் வசதி. வீட்டில் சோதித்துப் பார்க்க நான்கு கனமான புத்தகங்கள் போதும். மேசை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் புத்தகத்தை அதன் நீளத்தில் பாதி வெளியே தள்ளுங்கள். அதற்கடுத்ததைக் கால் பங்கு, அடுத்ததை ஆறில் ஒரு பங்கு, கடைசிப் புத்தகத்தை எட்டில் ஒரு பங்கு. கூட்டினால் 25/24. மேல் புத்தகம் முழுவதுமே மேசையைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். (எனக்கு மூன்று முறை சரிந்து நான்காம் முறை நின்றது. கணக்கு விளிம்பிலேயே நிற்பதால் ஒரு நூல் குறைத்தே தள்ளுங்கள்.) கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நீட்டி அடுக்கும் கூரைகளுக்கு இதுவே அடிப்படை. அதை வட்டமாக அடுக்கினால் கூடுதலாக ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. நம் ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மண் உள்ளே தள்ளுகிறது, ஆனால் கிணற்றின் வட்டச் சுவர் சரிவதில்லை. ஒவ்வொரு கல்லும் உள்ளே விழப் பார்க்கிறது; பக்கத்துக் கற்கள் இரண்டும் இடம் விடுவதில்லை. விதானத்தின் வளையமும் அப்படித்தான். உள்ளே கவிழப் பார்க்கும் கற்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன, நெருக்கினால் கல்லுக்குக் கொண்டாட்டம். ஒரு வளையம் பூர்த்தியாகிவிட்டால் அதற்கு மேல் எதுவும் இல்லாவிட்டாலும் அது நிற்கும்.

இந்த அறிவு எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட அபு மலையின் தில்வாரா சமணக் கோயில்களைவிட நல்ல இடம் இல்லை. விமல வசதி 1031-இல் எழுந்தது, லூண வசதி 1230-இல். இரண்டும் வெள்ளைப் பளிங்கு. மண்டபத்து நடுவில் நின்று அண்ணாந்தால் வளையத்துக்குள் வளையமாகக் குறுகிக்கொண்டே போய், உச்சியில் மேலே எழும்ப வேண்டிய கல் கீழ்நோக்கித் தொங்குகிறது, ஒரு தாமரைக் கொத்துப் போல. முதன்முதலில் பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். கல் தொங்கலாமா? இழுவை தாங்காத பொருள் அல்லவா?

தொங்குவது போலத் தெரியும் அந்தக் கல்லின் மேற்பகுதி அகலமாக இருந்தால் போதும், குடம் உறியில் உட்காருவது போல அது கடைசி வளையத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதன் பாரம் வளையத்தை மேலும் இறுக்கும். கீழே நீண்டிருக்கும் இதழ்கள் சுமப்பது தங்கள் சொந்த எடையை மட்டுமே. பளிங்கில் அந்த அளவு இழுவையைத் தாங்கும் வலு உண்டு. மைசூருக்கு அருகே சோமநாதபுரத்தில் 1258-இல் எழுந்த கேசவர் கோயில் மண்டபத்திலும் இதே விளையாட்டைக் காணலாம். அங்கே தொங்குவது வாழைப்பூ. மொக்காக ஒரு விதானத்தில், மடல் அவிழ்ந்ததாக இன்னொன்றில். ஹொய்சாளச் சிற்பிகளுக்கு வாய்த்த கல் அப்படி: வெட்டியெடுக்கும்போது சோப்புக் கட்டி போல மென்மை, காற்றுப்பட்டால் போகப்போக இறுக்கம். நம் கருங்கல்லில் அந்த மடிப்புகளைக் கொண்டுவரச் சொன்னால் உளி முனைதான் மழுங்கும்.

*

கல்லை இழுவையிலிருந்து முற்றாகக் காப்பாற்ற வேண்டுமானால் அதை வளைத்து அடுக்க வேண்டும். எந்த வளைவில்? வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும்போது இந்தக் கேள்விக்கு நாமே விடை சொல்லிவிடுகிறோம். இரண்டு ஆணிக்கு நடுவே தொங்கும் கயிற்றில் இழுவை மட்டுமே உண்டு. கயிற்றால் நெருக்கலைத் தாங்க முடியாது. அந்த வளைவை அப்படியே தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால், இழுவை இருந்த இடத்திலெல்லாம் நெருக்கல் வந்துவிடும். 1675-இல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹுக் இதைக் கண்டு சொன்னார். சொன்ன விதம் வேடிக்கை. வேறு யாரும் திருடிவிடக்கூடாதென்று எழுத்துகளைக் கலைத்துப் புதிர் போலத் தம் நூலின் பின்னால் அச்சிட்டார். விடை அவர் இறந்த பிறகே வெளிவந்தது.

வளைவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேராக நிற்கும் தூணைப் போலன்றி, அது இரவும் பகலும் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டே இருக்கும். இந்தியக் கட்டடக்காரர்கள் வளைவைத் தூங்காத பேர்வழி என்று சொல்லி ஒதுக்கினார்கள் என 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் பதிவு செய்திருக்கிறார். அந்த ஐயம் அறியாமை அல்ல. ரோமில் பாந்தியன் கோயிலுக்குள் போனால் அதற்கான ஆதாரம் தலைக்கு மேலேயே இருக்கிறது, தெரிந்து பார்த்தால்.

பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், கம்பி எதுவும் இல்லாத கான்கிரீட்டில் வார்த்த குவிமாடம் அது. உள்விட்டம் 43.3 மீட்டர். உச்சியில் 8 மீட்டருக்கும் அகலமான வட்டத் திறப்பு. வெயிலும் மழையும் நேராக உள்ளே இறங்கும். விளிம்பும் ஒரு வளையம்தானே, மூடி இல்லாமலே நிற்கும். உட்புறம் முழுக்கச் சதுரக் குழிகள், ஐந்து வரிசை, வரிசைக்கு 28. இந்தக் குழிகள்தான் எடையைக் குறைக்கின்றன என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கொஞ்சம் குறைக்கின்றன, பொய்யில்லை. ஆனால் பெரிய வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஏற்பாடுகள். அடியில் சுமார் 6 மீட்டர் தடிப்பாகத் தொடங்கும் மாடம், திறப்பின் அருகே 1.2 மீட்டராக மெலிகிறது. கான்கிரீட்டில் கலந்த ஜல்லியும் மேலே போகப்போக இலேசாகிறது. உச்சியில் தண்ணீரில் மிதக்கும் எரிமலை நுரைக்கல். ஆக அந்தக் குழிகள் பாதி வேலையாள், பாதி நடிகர்.

28 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். வட்டத்தை 8 ஆகவோ 16 ஆகவோ காம்பஸும் அளவுகோலும் கொண்டு துல்லியமாகப் பிரிக்கலாம். 28-ஐ அப்படிப் பிரிக்க முடியாது. 28-க்குள் ஒரு 7 ஒளிந்திருக்கிறது. ஏழு பக்கச் சமவடிவத்தை அந்த இரண்டு கருவிகளால் வரையவே முடியாதென்று 19ஆம் நூற்றாண்டுக் கணிதம் நிரூபித்தது. ரோமானியத் தச்சர்கள் நூல் பிடித்துத் தட்டுத்தடுமாறித்தான் அளந்திருக்க வேண்டும். கீழே சுவர்ப் பிரிவுகள் எட்டின் கணக்கில் போக, மேலே மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

வளைவு தூங்காது என்பதற்கான அந்த ஆதாரத்துக்கு வருவோம். அரைக்கோள மாடத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகை வரை வளையங்கள் நெருக்கப்படுகின்றன. அதற்குக் கீழே நிலைமை தலைகீழ்: மாடம் அகலப் பார்க்கிறது, வளையங்கள் இழுபடுகின்றன. கான்கிரீட்டும் கல்லின் சாதிதான், இழுத்தால் பிளக்கும். 1930-களில் மாடத்தை ஆராய்ந்த ஆல்பர்ட்டோ தெரென்சியோ, அடியிலிருந்து மேல்நோக்கி ஓடும் விரிசல்களைக் கண்டார். மிகப் பழைய விரிசல்கள். அதாவது, ஒரே ஓடாகத் தோன்றும் மாடம் உண்மையில் ஆரஞ்சுச் சுளைகள் போலப் பிரிந்து, எதிரெதிர்ச் சுளைகள் உச்சியில் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. உதைப்பை அடியிலுள்ள தடித்த சுவர் வாங்கிக்கொள்கிறது. விரிசல் விட்டும் கிட்டத்தட்ட 1900 ஆண்டுகளாக நிற்கிறது.

*

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி தேவாலயம். ஆறாம் ஹென்றி 1446-இல் அடிக்கல் நாட்டியது. உள்நாட்டுப் போரில் வேலை நின்று, மன்னர்கள் மாறி, சுவர்க்கல்லின் நிறம்கூட நடுவில் மாறி, கடைசியில் கூரைக்கு வந்தபோது ஜான் வாஸ்டெல் என்ற கொத்தர் தலைவர் 1512 முதல் 1515 வரை மூன்றே ஆண்டில் விதானத்தை முடித்தார். கட்டடத்தின் நீளம் 88 மீட்டர், விதானத்தின் உயரம் 24 மீட்டர், அகலம் 12 மீட்டருக்குச் சற்று மேல். நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

அதன் வடிவத்தை எப்படிச் சொல்வது? நாகஸ்வரத்தின் அணசை வாய் மேல்நோக்கி நிறுத்தி, நடுவே செங்குத்தாகப் பிளந்து, பாதியைச் சுவரில் ஒட்டுங்கள். அதே போல இரு சுவர்களிலும் வரிசையாக ஒட்டிக்கொண்டே போங்கள். எதிரெதிர் அணசுகளின் விரிந்த வாய்கள் நடுவில் சந்திக்கின்றன. ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து விளிம்புக்கு விசிறிக் காம்புகள் போலக் கல் நரம்புகள் விரிகின்றன. பார்ப்பவர் எவரும் இந்த நரம்புகளே எலும்புக்கூடு என்றும் இடையிலுள்ள பலகைகள் வெறும் தோல் என்றும்தான் நினைப்பார். விசிறி விதானங்களில் பொதுவாக அது உண்மையல்ல. நரம்பும் பலகையும் பெரும்பாலும் ஒரே கல்லில் செதுக்கியவை. எடை முழு ஓட்டிலும் பரவி இறங்குகிறது. ஓடு சில இடங்களில் ஒரு சாண் தடிப்புகூட இல்லை. ஆனாலும் இரு திசைகளில் வளைந்த ஓடு என்பதால் முட்டை ஓட்டின் வலு அதற்கு உண்டு.

அணசின் வாய் விளிம்புகள் உள்ளே கவிழப் பார்க்குமே, அதை எது தடுக்கிறது? விளிம்புகள் சந்திக்கும் இடத்தில் மிஞ்சும் நாற்கோண இடைவெளிகளைத் தட்டையான கற்கள் நிரப்புகின்றன. அவற்றின் நட்டநடுவே ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள கல் குமிழ்கள்: ஒன்றில் ரோஜா, அடுத்ததில் கோட்டைக் கதவின் இரும்புக் கிராதி, இரண்டும் ட்யூடர் அரச குலத்தின் சின்னங்கள். மெல்லிய கூரையின் நடுவில் போய் இவ்வளவு பாரத்தை ஏற்றுவார்களா என்று தோன்றும். அந்தப் பாரம்தான் வேண்டும். குமிழின் எடை அணசுகளின் விளிம்பைச் சுற்றிலும் நெருக்கிப் பிடிக்கிறது. கேம்பிரிட்ஜிலேயே பொறியியல் பேராசிரியராக இருந்த ஜாக் ஹேமன், விசிறி விதானங்களின் விசைக் கணக்கைப் போட்டு இதைத் தெளிவாக்கினார். எலும்பு போலத் தெரிந்த நரம்புகள் நடிக்கின்றன. பூச்சூடல் என்று நாம் நினைத்த ரோஜாக்கள் வேலை செய்கின்றன. இந்தக் கூரையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எந்த விதானத்தையும் பார்த்தவுடன் எது சுமக்கிறது என்று சொல்லும் துணிச்சல் எனக்குப் போய்விட்டது.

இன்னொன்று. மழை இந்த விதானத்தின் மேல் விழுவதே இல்லை. அதற்கு மேலே மரச்சட்டமும் ஈயத் தகடும் கொண்ட வேறொரு கூரை இருக்கிறது. நனைவதும் காய்வதும் அதன் பாடு.

*

நடிப்பே தொழிலாகக் கொண்ட விதானங்களும் உண்டு. அவற்றைக் குறைவாக மதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தெற்கு ஸ்பெயினில் கிரனாடா நகரின் அல்ஹம்ப்ரா அரண்மனையில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐந்தாம் முகம்மது கட்டிய இரு சகோதரியர் கூடத்தின் மேலே பார்த்தால், தேன்கூட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல 5000-க்கும் மேற்பட்ட சிறு துண்டுகள் எட்டுமுனை நட்சத்திரமாகக் குவிந்திருக்கும். முகர்னாஸ் என்று அதற்குப் பெயர். எல்லாம் ஜிப்சம் சாந்து. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டுக்கூரை மட்டுமே தெரியும். உள்ளே தேன்கூடு எதையும் தாங்கவில்லை. அதைத்தான் மற்றவை தாங்குகின்றன.

ஆனால் உள்ளிருக்கும் கணிதம் அசல். 19ஆம் நூற்றாண்டில் அல்ஹம்ப்ராவை அங்குலம் அங்குலமாக வரைந்த ஓவன் ஜோன்ஸ், இத்தனை ஆயிரம் துண்டுகளும் ஏழே வகை அச்சில் அடங்குகின்றன என்று கண்டார். அந்த ஏழுமே செங்கோண முக்கோணம், செவ்வகம், இருசமபக்க முக்கோணம் என்ற மூன்று அடிவடிவங்களிலிருந்து பிறந்தவை. சாமர்கண்டில் பணியாற்றிய கணித மேதை அல்-காஷி, 1427-இல் முடித்த எண்கணித நூலில் முகர்னாஸின் பரப்பை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். அத்தனை மடிப்புள்ள பரப்புக்கு எவ்வளவு சாந்து, எவ்வளவு கூலி என்று தெரிய வேண்டாமா? ஈரானில் தக்த்-இ-சுலைமான் என்ற இடத்தில், 1270-களில் மங்கோலிய அரசர் கட்டிய அரண்மனையின் இடிபாடுகளில், அரை மீட்டர் அளவுள்ள ஒரு ஜிப்சப் பலகையை ஜெர்மன் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். அதில் சதுரங்களும் சாய்சதுரங்களுமாகக் கோடுகள். உயரம் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. அது ஒரு முகர்னாஸின் தரைப்படம். கொத்தருக்கு அதுவே போதும், எந்தத் துண்டு எந்த அடுக்கில் ஏறும் என்பதை வடிவமே சொல்லிவிடும். உல்ரிக் ஹார்ப் என்பவர் 1978-இல் அதைப் படித்து முப்பரிமாணத்துக்கு மீட்டார். புள்ளியை மட்டும் பார்த்து இது எந்தக் கோலம் என்று சொல்லிவிடும் நம் பாட்டிமார்கள் இருந்திருந்தால் ஒருவேளை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

நடிப்பின் உச்சம் ரோமில் சாண்ட் இக்னாசியோ தேவாலயம். அங்கே குவிமாடம் கட்டவில்லை. ஏசு சபையின் சகோதரரும் ஓவியருமான ஆந்திரேயா பொத்சோ, 1685-இல் சுமார் 17 மீட்டர் அகலத் துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்து தட்டையாக ஏற்றிவிட்டார். நடுக்கூடத்தின் வளைந்த கூரையில் சுவர்களை வானம் வரை நீட்டி வரைந்து 1694-இல் முடித்தார். வளைந்த பரப்பில் நேர்கோடு வரைவது எப்படி? அவரே 1693-இல் ஒரு நூலில் வழி சொல்லியிருக்கிறார். வளைவு தொடங்கும் மட்டத்தில் நூலால் சதுரவலை கட்ட வேண்டும். பார்ப்பவரின் கண் இருக்கும் இடத்தில் இரவில் விளக்கை வைக்க வேண்டும். வலையின் நிழல் கூரையில் எப்படிக் கோணிக்கொண்டு விழுகிறதோ அப்படியே கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். கீழிருந்து பார்த்தால் கோணல் நிமிர்ந்துவிடும். தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நின்றால்தான் மாயம் பலிக்கும். நாலு எட்டு நகர்ந்தால் தூண்கள் குடித்தவர்கள் போலச் சாயத் தொடங்கும்.

*

விதானம் என்ற சொல்லுக்கு முதற்பொருள் கல்லும் அல்ல, மரமும் அல்ல. துணி. மேலே விரித்துக் கட்டும் மேற்கட்டி. கும்பகோணம் வட்டாரத்தில் கருப்பூர்க் கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் கோயில்களுக்கு விதானமும் தொம்பையும் துணியில்தான் எழுதித் தருகிறார்கள். துணியால் இழுவையை மட்டுமே தாங்க முடியும், கல்லுக்கோ நெருக்கல்தான் பலம். ஹுக் சொன்ன தலைகீழ் உறவு இது. அந்தத் துணியின் பெயரைக் கல் கூரைக்குச் சூட்டியவர்கள் தெரிந்து செய்தார்களோ இல்லையோ, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் அந்தப் பெயருக்குப் படமே இருக்கிறது. குடைவரை என்பதால் அங்கே கூரை என்று ஒன்றைக் கட்டவே இல்லை. மலையில் விட்டுவைத்த மிச்சம்தான் கூரை. இங்கே வந்த கூரைகளிலேயே அதிகம் சுமப்பது அதுதான். முன்மண்டபத்தின் மேலே 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளம்: மீன்கள், எருமைகள், யானைகள், அன்னங்கள், பூப்பறிக்கும் ஆடவர். தண்ணீரைத் தலைக்கு மேல் வரைந்த துணிச்சல் ஒருபுறம் இருக்க, அந்த ஓவியம் ஒட்டியிருப்பது மெல்லிய சுண்ணாம்புச் சாந்தின் மேல். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் இந்தச் சாந்தையும் காவி, கரி, பச்சைமண் வண்ணங்களையும் ஆராய்ந்தார். பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. சூளையில் நெருப்பு பிரித்ததைக் காற்று மெதுவாகச் சேர்த்துவைக்கிறது. பாறைக்குக் கீழே தகடு போல இன்னொரு பாறை. வண்ணங்கள் அதோடு ஒட்டிக்கொண்டவை. ஈரமும் உப்பும் மனிதக் கைகளும் அதில் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டன.

குனிந்து கருவறைக்குள் போனால் மேலே ஒரு குடையும் அதன் நடுவே சக்கரமும் செதுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் கரைபோட்ட துணி. வட்டமும் சதுரமும் சிங்கமும் நெய்தது போன்ற மேற்கட்டி. எல்லாம் வண்ணத்தில் எழுதியது. மங்கிய வெளிச்சத்தில், காற்றடித்தால் அசையுமோ என்று நினைக்க வைக்கும் அளவுக்கு நன்றாக நடிக்கிறது.

ஒருமுறை அங்கே காவலர் என்னை நடுவில் நிறுத்தி, அடிக்குரலில் ‘ம்’ என்று இழுக்கச் சொன்னார். அறை ஏறக்குறைய 3 மீட்டர்ச் சதுரம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 6 மீட்டர். நொடிக்கு 58 தடவை, அதன் இரட்டிப்பில் 115 தடவை அதிரும் ஒலிகள் அந்த அறைக்குப் பிடித்தமானவை. ஆண்குரலின் அடித்தளம் அந்த இரண்டாவது எண்ணின் பக்கத்தில்தான் வரும். சுருதியைக் கொஞ்சம் இறக்கினேன், ஏற்றினேன். ஓரிடத்தில் திடீரென்று அறை முழுவதும் பிடித்துக்கொண்டது. நெஞ்செலும்பு வரை அதிர்ந்தது. துணியாக இருந்தால் அந்த ஒலியில் கொஞ்சத்தை விழுங்கியிருக்கும். இது ஒரு சொட்டுக்கூட விடாமல் திருப்பித் தந்தது. காவலர் சிரித்துக்கொண்டே டார்ச்சை மேலே அடித்துத் துணியின் கரையைக் காட்டினார்.